கட்டாயமாக்கியவரே பொறுப்பு: கல்லூரிகளின் கிளவுட் கணக்கும் மாணவர் உரிமையும்

கல்லூரியில் இடம் கிடைத்த முதல் வாரமே வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் வந்து விழும். "இன்று மாலை 5 மணிக்குள் அனைவரும் நிரப்பவும்." திறந்தால் கூகுள் ஃபார்ம். பெயர், அப்பா பெயர், செல்போன் எண், சாதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், சில சமயம் ஆதார் அட்டையின் படமும் கேட்கும். யார் கேட்கிறார்கள், எதற்கு, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று ஒரு வரி இருக்காது. நிரப்பியதெல்லாம் ஒரு ஷீட்டில் போய்ச் சேரும். இன்னும் யார் நிரப்பவில்லை என்று காட்ட அந்த ஷீட்டின் லிங்க்கையே யாராவது குழுவில் போட்டுவிட்டால் போதும். வகுப்பில் இருக்கும் அத்தனை பேருடைய சாதியும் ஆதாரும் வங்கிக் கணக்கும் அத்தனை பேர் கைக்கும் போய்விடும். அங்கிருந்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏதோ ஒரு கல்லூரியின் பழக்கமாக இதை நினைக்க வேண்டாம். உயர்கல்வி முழுக்கப் பரவிவிட்ட வழக்கம் இது. திருத்தணி போன்ற ஊரில் இதன் பாரம் கொஞ்சம் கூடுதல். மலையடிவாரத்தில் ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில்தான் பட்டப்படிப்புக்கு வருகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர். வீட்டில் தெலுங்கும் கல்லூரியில் தமிழும் பேசும் பிள்ளைகள் இங்கே சாதாரணம். பெரும்பாலான வீடுகளில் இவர்கள்தான் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை. கல்லூரி ஒன்றைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று வீட்டில் எல்லோரும் நம்புவார்கள். மறுத்துக் கேட்கலாம் என்று சொல்லித்தர ஆள் இருக்காது.

கிளவுட் கருவிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான்கு ஊரில் இருக்கும் நான்கு மாணவர்கள் ஒரே அறிக்கையை ஒரே நேரத்தில் திருத்தி எழுத முடிகிறது. அரக்கோணம் ரயில் தாமதமாகி வகுப்பைத் தவறவிட்டவர் குறிப்புகளை இரவில் எடுத்துப் படிக்க முடிகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் சான்றிதழ்கள் நனைந்து போன குடும்பங்களுக்கு டிஜிட்டல் நகலின் அருமை தெரியும். கணினியே எட்டாத வீடுகளுக்கு அதைக் கொண்டுபோக இந்த மாநிலம் நிறையச் செலவழித்திருக்கிறது. இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா தருவதாக அரசு அறிவித்தது.

கருவி வந்துவிட்டது, பயன்படுத்துவதும் கட்டாயமாகிவிட்டது. பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை மட்டும் யாரும் எழுப்பவில்லை. மாணவர் கேட்டால் "கூகுள்தான் கேட்குது", "ஆப்-லேயே அப்படித்தான் இருக்கு" என்று பதில் வரும். அது சரியான பதில் அல்ல. கருவியைத் தேர்ந்தெடுத்தது கல்லூரி, கட்டாயமாக்கியதும் கல்லூரி. அதனால் பொறுப்பும் கல்லூரியுடையதே. சட்டமும் இதைத்தான் சொல்கிறது.

சாவி யாரிடம்

கல்லூரி தரும் மின்னஞ்சல் கணக்கில் நீங்கள் ஒரு கோப்பை வைத்தால், அது வேறொரு நிறுவனத்தின் கணினிக்கூடத்தில் போய் உட்காருகிறது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, சென்னை, மும்பையில் தரவு மையங்களைத் திறந்தது. அமேசானும் கூகுளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் மும்பைக்கு வந்தன. உங்கள் கல்லூரியின் கோப்புகள் இங்கே இருக்கின்றனவா, வெளிநாட்டில் இருக்கின்றனவா என்பது கல்லூரி ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அந்த ஒப்பந்தத்தை மாணவர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கல்லூரிக் கணக்கு வாடகை வீடு மாதிரி. உள்ளே இருக்கும் சாமான் உங்களுடையது, வீடு உங்களுடையது அல்ல, இன்னொரு சாவி வீட்டுக்காரரிடம் இருக்கிறது. கல்லூரியின் அட்மின் உங்கள் பாஸ்வேர்டை மாற்றலாம், கணக்கை முடக்கலாம், அழிக்கலாம். அதற்கான வசதியைக் கல்லூரி வாங்கியிருந்தால் அஞ்சல்களையும் கோப்புகளையும் தேடி எடுக்கவும் முடியும். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை, நிறுவனக் கணக்குகள் அப்படித்தான் அமைக்கப்படுகின்றன. ஆனால் கணக்கைக் கையில் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். குடும்ப விஷயம், மருத்துவச் சீட்டு, தனிப்பட்ட படங்கள், காதல் கடிதம் எதையும் கல்லூரிக் கணக்கில் வைக்காதீர்கள். அதற்கு உங்கள் சொந்தக் கணக்கு இருக்கிறது.

அட்மின் யார் என்பதும் முக்கியம். பல இடங்களில் கணினித் துறையின் இளைய ஆசிரியர் ஒருவர் தலையில் இந்த வேலை கூடுதலாக விழுகிறது. அவர் கௌரவ விரிவுரையாளராக இருந்து, ஒப்பந்தம் முடிந்து போய்விட்டால் சாவியும் அவரோடு போய்விடும் ஆபத்து உண்டு. அட்மின் கணக்கு தனிநபர் பெயரில் இல்லாமல் பதவியின் பெயரில் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும். இருவரும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டிருக்க வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. முதல்வர் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்.

திறந்து கிடக்கும் லிங்க்

தகவல் கசிவு என்றதும் ஹேக்கர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். கல்வித் துறையில் நடக்கும் கசிவுகளில் பல, பூட்டாமல் விட்ட கதவால் நடப்பவை. மத்திய அரசின் திக்‌ஷா செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தரவு இருந்த மைக்ரோசாஃப்ட் கிளவுட் சேமிப்பிடம் ஓராண்டுக்கும் மேல் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்தது 2023 ஜனவரியில் தெரியவந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், செல்போன் எண், மின்னஞ்சலும், ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களின் விவரங்களும் அதில் இருந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை, பூட்டே இல்லை.

கூகுள் டிரைவில் எந்தக் கோப்பையும் பகிரும்போது முக்கியமாக இரண்டு வழி காட்டும். ஒன்று, பெயர் சொன்னவர்களுக்கு மட்டும். மற்றொன்று, லிங்க் வைத்திருக்கும் எவருக்கும். அவசரத்தில் எல்லோரும் இரண்டாவதைத்தான் தட்டுகிறார்கள், "ஓப்பன் ஆகலை சார்" என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால். அந்த லிங்க்குக்குக் காலாவதி கிடையாது. இந்த ஆண்டு குழுவில் போட்டது மூன்று ஆண்டு கழித்தும் திறக்கும். துறைத் தலைவர்கள் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பழைய ஷீட்டுகளைத் திறந்து, பகிர்வை மூடி, தேவை முடிந்தவற்றை அழித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த விவரங்களை எதற்குத் திரும்பக் கேட்கிறார்கள்? புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும், பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் உதவித்தொகைகளுக்கும் ஆதாரும் வங்கிக் கணக்கும் தேவைதான். அவற்றைப் பதிய அரசுக்கென்று யூமிஸ் போன்ற இணையதளங்கள் இருக்கின்றன. ஒருமுறை அங்கே கொடுத்த விவரத்தைத் துறைக்கு ஒன்று, வகுப்பாசிரியருக்கு ஒன்று, பேருந்துச் சலுகைக்கு ஒன்று என்று தனித்தனி கூகுள் ஃபார்மில் மறுபடி வாங்குவதில் யாருக்கும் பயன் இல்லை. நகல் பெருகப் பெருகக் கசிவதற்கான வாய்ப்பும் பெருகும்.

ஆதார் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று ஒரு கோடு போட்டுக் கொடுத்தது. அரசு மானியம், உதவித்தொகை போன்றவற்றுக்கு ஆதார் கேட்கலாம். நீட் போன்ற தேர்வுகளுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தேவைகளுக்கும், சட்ட ஆதாரம் இல்லாமல் அதைக் கட்டாயமாக்க முடியாது. 2023 செப்டம்பரில் மானியக் குழு, பட்டச் சான்றிதழிலும் தற்காலிகச் சான்றிதழிலும் ஆதார் எண்ணை அச்சிடக் கூடாது என்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. சான்றிதழிலேயே கூடாத எண் வாட்ஸ்அப் குழுவில் திரியலாமா? அடையாளத்துக்காக மட்டும் கேட்டால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள். அது செல்லும்.

சட்டம் எங்கே நிற்கிறது

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சட்டத்தின் முக்கியப் பகுதிகள் விதிகள் வெளியாகி 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் முதல்தான் நடைமுறைக்கு வருகின்றன. கல்லூரிகள் தங்கள் வீட்டை ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தந்த அவகாசம் இது. சும்மா இருந்துவிட்டுக் கடைசி மாதத்தில் ஓடினால் முடியாது.

இந்தச் சட்டத்தில் மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பிரிவு எட்டாவது. ஒருவருடைய விவரத்தை எதற்காக, எந்த வழியில் கையாள்வது என்று யார் தீர்மானிக்கிறாரோ அவரே பொறுப்பு. அவர் சார்பில் வேறொரு நிறுவனம் அந்த வேலையைச் செய்தாலும், இருவருக்கும் இடையே வேறு எந்த ஒப்பந்தம் இருந்தாலும், பொறுப்பு மாறாது. கல்லூரி கூகுளையோ மைக்ரோசாஃப்டையோ ஸோஹோவையோ வேறு எந்த நிறுவனத்தையோ அமர்த்தினாலும் மாணவருக்குப் பதில் சொல்ல வேண்டியது கல்லூரிதான். போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கசிவு நடந்ததைத் தெரிவிக்காமல் மறைத்தால் 200 கோடி வரை. பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும்.

சம்மதம் வாங்கும்போது தரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதியைத் தர வேண்டும் என்கிறது சட்டம். திருத்தணி போன்ற எல்லையூருக்கு இது பெரிய விஷயம். தமிழிலும் கேட்கலாம், தெலுங்கிலும் கேட்கலாம். உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டறியவும், தவறைத் திருத்தச் சொல்லவும், தேவை முடிந்ததை அழிக்கச் சொல்லவும் உரிமை உண்டு. புகாருக்கு 90 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு வருபவர்களில் பலருக்கு வயது 17. இந்தச் சட்டப்படி 18 நிரம்பாதவர் குழந்தை. அவர் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும், அவரைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. கண்காணிப்பு விஷயத்தில், படிப்புக்கும் பாதுகாப்புக்கும் உட்பட்ட அளவில் கல்வி நிறுவனங்களுக்கு விதிகள் சில விலக்கு தந்திருக்கின்றன. முதலாண்டு மாணவரை இலவச ஆப் ஒன்றில் சொந்த எண்ணைக் கொடுத்துப் பதியச் சொல்லும் முன் கல்லூரிகள் இந்தப் பிரிவைப் படிக்க வேண்டும்.

இரண்டு குறைகளையும் சொல்லிவிட வேண்டும். உதவித்தொகை, சான்றிதழ் போன்றவற்றுக்காக அரசு விவரங்களைக் கையாள்வதற்குத் தனிச் சம்மதம் தேவையில்லை என்று சட்டம் இடம் தருகிறது. இரண்டாவது, அபராதம் அரசுக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு இல்லை. இப்போதுள்ள தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு, கவனக்குறைவால் விவரங்களைக் கசியவிட்ட நிறுவனத்திடம் நட்டஈடு கேட்க வழி தருகிறது. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் விசாரிப்பார். புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது அந்தப் பிரிவு நீக்கப்படும். மாணவர் அமைப்புகள் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

படிப்பு முடிந்த பிறகு

இலவசம் என்றைக்கும் இலவசமாக இருக்காது. வரையறையற்ற சேமிப்பிடம் என்று சொல்லித்தான் கூகுள் கல்வி நிறுவனங்களுக்குள் வந்தது. 2021-இல் அறிவித்து, 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டிபி என்று வரம்பு போட்டது. மைக்ரோசாஃப்டும் 2024-இல் அதே 100 டிபி வரம்புக்கு வந்தது. 3,000 மாணவர்கள் உள்ள கல்லூரியில் ஆளுக்கு 33 ஜிபி கிடைக்கும். 30,000 பேர் உள்ள பல்கலைக்கழகத்தில் 3 ஜிபியைக் கொஞ்சம் தாண்டும். இடம் நிரம்பியதும் கல்லூரி முதலில் கைவைப்பது படித்து முடித்தவர்களின் கணக்கில்தான்.

அந்தக் கணக்கில் என்னென்ன இருக்கும் என்று யோசியுங்கள். புராஜெக்ட் அறிக்கை, மூன்றாண்டுக் குறிப்புகள், வேலைக்கு விண்ணப்பித்த அஞ்சல்கள், ஓடிபி வருவதற்காக அந்த முகவரியைக் கொடுத்த தேர்வாணையப் பதிவுகள். கணக்கு போனால் அத்தனையும் போகும். நீங்கள் எழுதிய ஆய்வேடு பதிப்புரிமைச் சட்டப்படி உங்கள் படைப்பு. அதை எடுத்துக்கொண்டு போக உங்களுக்கு அவகாசம் தர வேண்டியது கல்லூரியின் கடமை என்பேன். கணக்கை மூடும் தேதியைக் குறைந்தது ஆறு மாதம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது, இறுதிப் பருவம் தொடங்கும்போதே கூகுள் டேக்அவுட் வழியாக எல்லாவற்றையும் இறக்கி ஒரு பென்டிரைவிலும் சொந்தக் கணக்கிலும் வைப்பதுதான். அட்மின் அந்த வசதியை அடைத்து வைத்திருந்தால் திறந்துவிடும்படி எழுதிக் கேளுங்கள். வேலைவாய்ப்புப் பதிவுகளுக்குக் கல்லூரி முகவரியைக் கொடுக்கவே வேண்டாம். சொந்தக் கணக்கையும் இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் கூகுள் அழிக்கக்கூடும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறை. எப்போதாவது திறந்து பாருங்கள்.

கௌரவ விரிவுரையாளர்களுக்கும் இது பொருந்தும். வேலையின் பகுதியாகத் தயாரித்த பாடங்களின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குப் போகலாம். ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த காணொளியும் குறிப்பும் யாருடையவை என்று பணியாணை வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

நிறுவனமே சேவையை நிறுத்தினால்? 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைக் காரணம் காட்டி, குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா நிறுவனத்தின் கணக்குகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அவ்வளவு பெரிய நிறுவனமே டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டி வந்தது, அதன் பிறகுதான் சேவை திரும்பியது. சொந்த நாட்டு அரசு கிளவுட் என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த 858 டிபி எரிந்து போனது. வேறிடத்தில் நகலே இல்லை. மதிப்பெண் பதிவேடு, வருகைப் பதிவு, ஆய்வேடு ஆகிய மூன்றுக்குமாவது கல்லூரி வளாகத்துக்குள் ஒரு வன்தட்டில் நகல் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

கேமராவும் பதிவும்

இணைய வகுப்பைப் பதிவுசெய்தால் அந்தக் காணொளி, வகுப்பை நடத்தியவரின் டிரைவில் போய்ச் சேர்கிறது. அதில் மாணவிகளின் முகம், வீட்டின் உட்புறம், பின்னால் நடமாடும் அம்மா எல்லாம் பதிவாகிறது. பதிவு செய்யப்போகிறோம் என்று சொல்லாமல் தொடங்கக் கூடாது. கேமரா போடு என்று வற்புறுத்தக் கூடாது. ஒற்றை அறை வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்குக் கேமரா ஒரு கௌரவப் பிரச்சினை. அமெரிக்காவில் க்ளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் இணையத் தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னது. அது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2022 ஆகஸ்டில் ஒரு கூட்டாட்சி நீதிபதி சொன்னார். அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது, வாதம் செல்லும்.

மாணவியின் எண்ணை வகுப்புக் குழுவிலிருந்து எடுத்துத் தொந்தரவு செய்வது, வகுப்பில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை உருமாற்றிப் பரப்புவது எல்லாம் குற்றம். பின்தொடர்தலைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு இணையத்தில் கண்காணிப்பதையும் சேர்த்தே சொல்கிறது. வேறொருவர் பாஸ்வேர்டில் நுழைவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. மாணவியைத் தொந்தரவு செய்தவர் உடன்படிப்பவரோ ஆசிரியரோ என்றால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிலும் புகார் தரலாம். காவல்துறைக்குப் போவதற்கு அது தடையல்ல.

போன் ஒன்று, பிள்ளைகள் மூன்று

கட்டாயமாக்கும் எவரும் மறக்கக் கூடாதது, எல்லோரிடமும் எல்லாம் இல்லை என்பது. காணொளி வகுப்பு ஒரு மணி நேரம் ஓடினால், தரத்தைப் பொறுத்து அரை ஜிபியும் ஆகும், ஒரு ஜிபிக்கு மேலும் ஆகும். ஒரே போனை மூன்று பிள்ளைகள் பகிரும் வீட்டில் அது பெரிய செலவு. ஆடிக்கிருத்திகை நாளில் காவடிக் கூட்டம் லட்சக்கணக்கில் ஊருக்குள் வரும்போது செல்போன் சிக்னல் திணறும். அன்று மதியம் இரண்டு மணிக்குள் அசைன்மென்ட் ஏற்ற வேண்டும் என்று கெடு வைப்பவர் ஊரின் நாள்காட்டியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மாற்று வழி தருவது முடியாத காரியமும் அல்ல. கொரோனாக் காலத்தில் தமிழகப் பல்கலைக்கழகங்கள் வீட்டிலிருந்தே தேர்வெழுத வைத்தபோது, விடைத்தாளை விரைவுத் தபாலில் அனுப்பவும் வழி வைத்தன. அவசர காலத்தில் முடிந்தது சாதாரண நாளில் முடியாதா? ஏற்ற முடியாதவர் மறுநாள் தாளில் கொடுக்கலாம் என்று ஒரு வரியைச் சுற்றறிக்கையில் சேர்த்தால் யாருக்கும் நட்டமில்லை. கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில், கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்றது. அணுக முடியாதவரைத் தண்டிப்பதும் அதே உரிமையைத்தான் குலைக்கிறது.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு இன்னொரு தடை. புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கிப் போட்டால் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பாடக்குறிப்பு கூகுள் டாக்ஸில் திறந்ததும் குப்பையாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது. இன்னமும் பழைய எழுத்துருவில் பாடம் போடுவது, கேட்டுப் படிக்கும் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதற்குச் சமம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதற்கு எதிராகக் குரல் கொடுக்க வழி தருகிறது. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் நேரடியாக மனு செய்யலாம். டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொன்னதை அந்த மனுவில் குறிப்பிடுங்கள்.

எங்கே போய்க் கேட்பது

பணம் போயிருந்தால் யோசிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். முதல் ஓரிரு மணி நேரத்தில் சொன்னால் பணம் மாறிப்போகும் வழியில் முடக்க வாய்ப்புண்டு. மற்ற இணையக் குற்றங்களுக்கு தேசிய சைபர் கிரைம் புகார் இணையதளம் இருக்கிறது. பெண்கள் மீதான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் அங்கே பதியலாம். புகார் கொடுக்கும் முன் ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதி, நேரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

கல்லூரியின் போக்கு பற்றிய குறை என்றால் முதல் படி மாணவர் குறைதீர்க் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அது இருக்க வேண்டும். மதிப்பீட்டில் வெளிப்படைத்தன்மை இல்லாதது, உதவித்தொகை தாமதம், பாகுபாடு எல்லாம் அதன் வரம்புக்குள் வரும். இணையத்தில் ஏற்றவில்லை என்று அக மதிப்பெண் குறைத்தாலும் அங்கே கேட்கலாம். 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயர் கல்லூரி இணையதளத்தில் இல்லை என்றால் அதையே முதல் குறையாக எழுதுங்கள்.

அரசுக் கல்லூரிக்கும் அரசு உதவி பெறும் கல்லூரிக்கும் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு தாள் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். எந்த நிறுவனத்தின் சேவை, ஒப்பந்த நகல், அட்மின் பொறுப்பு எந்தப் பதவியிடம், படித்து முடித்தவர் கணக்கை எத்தனை நாளில் அழிக்கிறார்கள், கடந்த மூன்றாண்டில் கசிவு ஏதும் நடந்ததா என்று கேளுங்கள். பாதுகாப்புச் சம்பவம் எதையும் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2022 முதல் இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அதைச் சுட்டி மறுபடி கேட்கலாம்.

இவ்வளவுக்கும் முன்பே செய்யக்கூடியது, முதல்வருக்கு ஒரு பக்க மனு. தனியாகக் கொடுக்கத் தயங்கினால் வகுப்பில் பத்துப் பேராகக் கையெழுத்துப் போடுங்கள். இப்படி எழுதலாம்:

"ஐயா/அம்மா, எங்கள் வகுப்பில் இந்தத் தேதியில் கூகுள் ஃபார்ம் வழியாக எங்கள் ஆதார் எண், சாதி, வங்கிக் கணக்கு விவரங்கள் பெறப்பட்டன. அவை எந்தத் தேவைக்காகப் பெறப்பட்டன, யார் யார் பார்க்க முடியும், எப்போது அழிக்கப்படும் என்று தெரிவிக்க வேண்டுகிறோம். லிங்க் வைத்திருப்பவர் எவரும் பார்க்கும்படி உள்ள ஷீட்டுகளை உடனே மூடவும், யூமிஸ் தளத்தில் ஏற்கெனவே உள்ள விவரங்களை மீண்டும் கேட்காதிருக்கவும், இணைய வசதி இல்லாதவர்கள் தாளில் சமர்ப்பிக்க அனுமதிக்கவும் வேண்டுகிறோம்."

இரண்டு நகல் எடுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். குறைதீர்க் குழு, குறைதீர்ப்பாளர், தகவல் ஆணையம் என்று அடுத்து எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.